கீழ் வீட்டு மீட்டர்

"அயர்ன் பாக்ஸை எங்கடி ஒளிச்சு வெச்சிருக்க? மரியாதையா எடுத்துக் குடுத்துடு!"

தூங்குமூஞ்சியின் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள் மந்திரி. அந்தக் கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தது மூன்று மாணவிகள். கரண்ட் பில் பொறுப்பைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டதால் இவளுக்கு மின்சார மந்திரி என்று பெயர் வந்தது. நாளடைவில் மின்சாரம் கழன்று போய் மந்திரி மட்டும் நின்றது.

"அதைத்தான் நீ போன மாசமே பிடுங்கி உன் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டியே! நான் சட்டையைத் தலையணைக்கு அடியில வெச்சுப் படுத்துத்தான் மடிப்பு எடுக்கிறேன்" என்றாள் தூங்குமூஞ்சி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மந்திரி தலையை வெளியே எடுத்தாள். கையில் ஒரு ஒற்றைச் செருப்பும் ஒட்டடையும்தான் வந்தன.

அவள் கோபத்துக்கும் காரணம் இருந்தது. அடுத்த பில்லும் குறையாவிட்டால் காலி பண்ண வேண்டியதுதான் என்று போன மாதமே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அன்று தொடங்கியது மந்திரியின் ஆட்சி. உருக்கும் வெயிலில் மூன்று பேரும் கூடத்தில் ஒரே மின்விசிறிக்கு அடியில் படுத்தார்கள். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு அதற்குள் புத்தகங்களை அடுக்கினார்கள். ஆறு மணிக்கு மேல் ஒரே ஒரு விளக்குதான்.

இன்று காலை பில் வந்தது. குறையவில்லை. போன மாதத்தைவிடக் கூடியிருந்தது.

"அடுத்து என் கட்டிலா? தாராளமா தேடு" என்றாள் டாக்டர். மருத்துவம் படிக்கிறாள், இன்னும் ஊசி பிடித்ததில்லை, அதற்குள் வீட்டில் பட்டம் கொடுத்துவிட்டார்கள். "ஜன்னல்கிட்ட உக்காந்து தெரு விளக்குல படிச்சுப் படிச்சு என் கண்ணுக்கே டாக்டர் தேவைப்படுது. அடுத்த வாரம் பரீட்சை. இப்போ வெளியே போகச் சொன்னா நான் எங்கடி போய் நிப்பேன்?"

மந்திரிக்குச் சுருக்கென்றது. ஒரே மின்விசிறிக் காற்றைப் பங்கு போட்டுக்கொண்டவர்களைப் போய்த் திருடிகளைப் போலச் சோதனை போட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. தூங்குமூஞ்சியின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுடுடி. நாம செலவு பண்ணல. அது எனக்கு நல்லாத் தெரியும். பண்ணாத செலவுக்குப் பணமும் கட்ட மாட்டோம், காலியும் பண்ண மாட்டோம். யார் வந்து கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

கேட்க வேண்டியவர் அப்போதே கதவைத் தட்டினார்.

மேல் வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ரகம். அந்த மாலைப் புழுக்கத்திலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். விடாத ஜலதோஷம்.

"எங்க வீட்டு பில் பாதியாக் குறைஞ்சிருக்கு, பாருங்க" என்று தும்மினார். "போடத் தெரிஞ்ச கைக்கு அணைக்கவும் தெரியணும். உங்க பில் என்னடான்னா மலை மாதிரி ஏறுது!"

"வயரிங்ல ஏதாவது கோளாறு இருக்குமோ அங்கிள்? ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தா..." என்று இழுத்தாள் மந்திரி.

"எலக்ட்ரீஷியனா? வீட்டை மேல கீழன்னு ரெண்டாப் பிரிச்சப்போ, மீட்டர்லேருந்து கடைசி பல்பு வரைக்கும் வயர் இழுத்தது நானாக்கும்! எவனுக்கோ கூலி எதுக்குத் தண்டம்னு புத்தகம் பார்த்துக் கத்துக்கிட்டேன். அதுல தப்பு இருந்தா என் காதை அறுத்துக்கறேன்."

"நாங்க கரண்ட்டைத் தொடவே இல்ல அங்கிள்."

"அப்போ பேய் வந்து போட்டுச்சா? பேயோ பிசாசோ, கீழ் வீட்டு மீட்டரை இப்படி ஓட விட்டது யாரா இருந்தாலும் பணத்தையும் கட்டணும், மாசக் கடைசியில காலியும் பண்ணணும். என் பேச்சு பேச்சுதான்!"

டாக்டர் மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மந்திரி ஓரடி முன்னால் வந்தாள்.

"கட்ட மாட்டோம் அங்கிள்."

"கட்ட மாட்டீங்களா? அப்போ இருட்டுல கிடங்க!"

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டு அவர் மாடிப்படிக்கு அடியில் போனார். மூன்று பேரும் பின்னாலேயே ஓடினார்கள். மீட்டர்ப் பெட்டியைத் திறந்தார். 'கீழ் வீடு' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்த மெயின் சுவிட்சை 'டக்'கென்று கீழே இழுத்துவிட்டு, வெற்றிப் பார்வையோடு திரும்பினார்.

திறந்திருந்த வாசல் வழியே கூடம் தெரிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி கடகடவென்று எப்போதும்போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலே ஜன்னல் படாரென்று திறந்தது.

"என்னங்க! ரெண்டு ஏசியும் நின்னுபோச்சு! டிவியும் இல்ல, ஒண்ணும் இல்ல! நம்ம வீட்ல மட்டும்தான் கரண்ட் போயிருக்கு, என்னன்னு பாருங்க!"

வீட்டுக்காரர் சுவிட்சில் வைத்த கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் மஃப்ளரை மெல்ல அவிழ்த்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மந்திரி பணிவாகக் கேட்டாள்: "அங்கிள், உங்க பேச்சு பேச்சுதானே? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுவீங்கல்ல?"