முகம் பொருந்தவில்லை

எல்லைச் சாவடியில் எந்திரம் அப்பாவின் முகத்தை மூன்றாம் முறையும் ஏற்க மறுத்தது. மாலையில் அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மகளுக்கு டாக்டர் பட்டம்.

"போட்டோவில இருக்கறது நான்தான்னு உங்க கண்ணுக்கே தெரியலையா தம்பி?"

"தெரியுது ஐயா," என்றார் அதிகாரி. "ஆனா எந்திரம் இல்லைன்னா நாங்க ஆமான்னு சொல்லக்கூடாது. ஆளைப் பார்த்து விடறோம்னு முன்னாடி ஏகப்பட்ட புகார். இப்ப ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுருக்கு."

அப்பா பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். "எடுத்துச் சொல்லும்மா! பாதுகாப்புக் கருவிகளை நாடுகள் எப்படிக் கட்டுப்படுத்தணும்னுதானே ஏழு வருஷம் ஆராய்ச்சி பண்ணினே?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்வுலக வழக்கப்படி அவளுடைய கட்டுரைகளில் அவள் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். தகப்பன் பெயர்தான் முழுதாக நிற்கும். அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவருக்கு, இப்படி வரிசையில் நின்று மானம் போவது பொறுக்கவில்லை.

"மனுஷன் கண்ணை நம்பாதேன்னு விதி எழுதின மடையன் யாரு? பேரைச் சொல்லுங்க!"

அதிகாரி பாஸ்போர்ட்டைத் தயக்கத்துடன் திருப்பிக் காட்டினார்.

"எழுதினவங்க பேராலதான் அந்த விதியையே சொல்லுவோம் ஐயா. உங்க பேருதான்."

"என் ஆராய்ச்சியோட முடிவுரைப்பா அது," என்றாள் மகள், தலை நிமிராமல்.