பாலில் போட்ட பல்

“அரை மணி நேரம் உசுரு இருக்குங்க. அதுக்குள்ள கொண்டாந்துட்டா எப்படியாச்சும் காப்பாத்திரலாம்” என்றார் டாக்டர் ஜெகதீஸ்வரன் போனில்.

ஹெலன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துத் தேடிக்கொண்டிருந்தாள். போன மாசம் தொலைந்த சீப்பு கிடைத்தது, ஒற்றைச் செருப்பு கிடைத்தது. புருசனுடைய முன்பல் மட்டும் கிடைக்கவில்லை.

அந்தப் புருசன் ஜெர்ரி, வாயில் துண்டை அழுத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் கல்யாணமோ தேரோ, பேண்டு செட்டில் ட்ரம்பெட் என்றால் ஜெர்ரிதான். அந்த ட்ரம்பெட்டைப் பெட்டியோடு பரணிலிருந்து இறக்கும்போது கை நழுவி, பெட்டி தன் முதலாளியின் வாயிலேயே ஒரு போடு போட்டுவிட்டது. மேல்வரிசைப் பல் ஒன்று வேரோடு பெயர்ந்து எங்கேயோ தெறித்துப் போனது.

முன்பல் இல்லாமல் ட்ரம்பெட் ஊதினால் பாட்டு எங்கே வரும், வெறும் காற்றுதான் வரும். அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

பல் ஒருவழியாக அரிசி மூட்டைச் சந்தில் அகப்பட்டது. டாக்டர் சொல்லச் சொல்ல வரி பிசகாமல் செய்தாள். வெள்ளைப் பக்கத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டுமாம், வேரில் விரல் படக்கூடாதாம், தேய்க்கவோ சுரண்டவோ கூடவே கூடாதாம். பல்லை அதன் குழியிலேயே திருப்பி வைத்துவிட்டால் ரொம்ப நல்லது என்றும் சொன்னார். அதை அவள் சொல்லக் கேட்டதுமே ஜெர்ரிக்குக் கண் செருகிவிட்டது.

அப்படியானால் ஆறின பாலில் போட்டு எடுத்து வரச் சொன்னார். பாலில் கிடந்தால் வேர் காய்ந்து போகாதாம். பிரிட்ஜில் இருந்த பாலை அரை டம்ளர் ஊற்றி, பல்லை மெதுவாக உள்ளே விட்டு, மேலே ஒரு மூடியையும் போட்டாள் ஹெலன். அதற்குள் எட்டு நிமிசம் ஓடிவிட்டது.

தெருமுனையில் வேலுசாமியின் ஆட்டோ நின்றிருந்தது நல்லதாகப் போயிற்று. ஏறியதும் மாமனார் உபகாரசாமிக்குப் போன் போட்டாள். அவர் மாதா கோயிலில் தேர்ப் பந்தல் வேலையாக இருந்தார். இவருக்கு வாயில் அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், ரோட்டுக்கு வந்து நில்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். மற்ற விவரமெல்லாம் சொல்ல நேரம் ஏது.

மனுசன் சொன்னபடி ரோட்டோரம் நின்றார். மகனின் துண்டில் ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போய், டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். காலையிலிருந்து நேரத்துக்குச் சாப்பிடாதவர் என்பதால் நெஞ்சைத் தடவித் தடவி இரண்டு ஏப்பம் வேறு விட்டார்.

ரோடா அது. பள்ளத்துக்குப் பள்ளம் ஆட்டோ குதித்தது. ஹெலன் ஒரு கையால் ஜெர்ரியின் தலையைத் தாங்க வேண்டும், ஒரு கையால் துண்டை அழுத்த வேண்டும். மடியில் இருந்த டம்ளர் இதோ கவிழ்கிறேன் என்று ஆட்டம் போட்டது. முன்னால் எட்டி நீட்டினாள்.

“மாமா, இதைப் புடிங்க. பால்ல பல்லு போட்டிருக்கேன்.”

“செரி சாமி” என்று வாங்கிக்கொண்டார். அதைச் சொல்வதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. மகனை நினைத்து உருகுகிறார் என்று ஹெலனுக்கும் கண் கலங்கியது. பெற்ற மனசு இல்லையா.

அதற்கப்புறம் அவள் முன்பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஜெர்ரியின் முகத்தையும் கைக்கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேலுசாமி ஒரு மாட்டு வண்டி, இரண்டு மினி பஸ், ஒரு கல்யாண வேன் அத்தனையையும் ஓவர்டேக் எடுத்து, இருபத்திமூன்றாவது நிமிசம் கிளினிக் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

டாக்டர் கையுறை மாட்டித் தயாராக இருந்தார். ஜெர்ரியை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை அடித்துப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, குழி சுத்தமாக இருக்கிறது என்றார். பல்லை உள்ளே வைத்துப் பக்கத்துப் பல்லோடு கம்பி போட்டுக் கட்டிவிடலாம், ரெண்டு மாசம் ட்ரம்பெட்டைத் தொடாமல் இருந்தால் போதும், அப்புறம் நிதானமாக ஊதிப் பார்க்கலாம் என்றார்.

அடிபட்டதிலிருந்து முதல் தடவையாக ஜெர்ரி சிரிக்கப் பார்த்தான். ஹெலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இத்தனை கரெக்டா யாருமே செய்யறதில்லைங்க. சிலர் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டாருவாங்க” என்று டாக்டர் அவளைப் பாராட்டிவிட்டு, இடுக்கியை எடுத்துக்கொண்டு டம்ளரைக் கேட்டார்.

ஹெலன் மாமனாரைத் தேடினாள். வெளியே கை கழுவும் குழாயிலிருந்து உபகாரசாமி அப்போதுதான் உள்ளே வந்தார். கையில் டம்ளர் பளபளவென்று கழுவி இருந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு, நிறைந்த கண்ணோடு மருமகளிடம் அதை நீட்டினார்.

“இத்தனை அவசரத்துலயும் என்ற வாயுவுக்குப் பாலு கொண்டாந்தியே சாமி, பூண்டு மட்டும் வேகவே இல்ல.”