பெங்களூர்க் கச்சேரி

புதுப் பாட்டுகள் வெளியான கையோடு, அவற்றை ஊர் ஊராகப் பாடக் கிளம்பியிருந்தாள் சுபிதா. இரணியலில் இருந்து அம்மா தாணம்மாள் தினமும் அழைப்பாள். இன்றும் ஃபோன் அடித்தது. அலுப்பில் கண்களை மூடியபடியே எடுத்தாள்.

“மக்கா, எங்க நிக்க?”

“பெங்களூர்லம்மா. சாயங்காலம் கச்சேரி. டிக்கெட் எல்லாம் வித்துப்போச்சு.”

“சத்தம் ஏன்ட்டி இப்படி அடைச்சுக் கெடக்கு?”

“நேத்து கொச்சியில ரெண்டு மணிக்கூர் பாடினேன்லா, அதான். நீ எங்க இருக்க?”

“நான் எங்க போவேன்? வீட்லதான். தேங்கா திருவிட்டு இருக்கேன்.”

“உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்.”

அப்போது, “தாணம்மாள், இரணியல்” என்று நர்ஸ் கூப்பிட்டாள். அந்தக் குரல் சுபிதாவுக்கு ஃபோனிலும் கேட்டது. அவள் உட்கார்ந்திருந்த நாகர்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்டது.

எழுந்து திரும்பினாள். சற்றுத் தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் கவரை அணைத்தபடி அம்மா மெல்ல எழுந்துகொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் காதிலிருந்த ஃபோனை இறக்கவே மறந்துபோனாள்.

“கச்சேரி?”

“முதல் ஊர்லயே தொண்டை போச்சும்மா. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. கொஞ்ச நாளைக்கு வாயே தொறக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“பின்ன எதுக்குட்டி தினமும் எங்கிட்ட பேசின?”

சுபிதா நெருங்கி வந்து அந்தக் கவரைத் தொட்டாள். “உனக்கு என்னம்மா?”

“தெரியல மக்கா. இனி நீ பேசாண்டாம். எங்கூட உள்ள வா. தனியாப் போய்க் கேக்க எனக்குப் பயமா இருக்கு.”