ஒரே பக்கத்தில் கிடந்த டிக்கெட்

புத்தகப் பிரியர்கள் கூடும் மாடி அறையிலிருந்து எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். உடனே, மேசைமேல் இருந்த புத்தகங்களில் பக்க அடையாளத்துக்குச் சொருகி வைத்தவை பேச்சைத் தொடங்கின.

"இந்த வருஷம் ஒரு அலமாரிப் புத்தகங்களையே தாண்டிட்டேன். நீங்க?" என்றது மயிலிறகு.

பஸ் டிக்கெட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதை ஒரு நாவலின் நடுவில் சொருகியதோடு சரி. "நான் ஒரே பக்கத்துலதாங்க கிடக்கேன்."

மயிலிறகு சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் பக்கத்தைச் சொல்லுங்களேன்."

டிக்கெட் சொன்னது. கொட்டுகிற மழையில், கோபித்துக்கொண்டு போன மகள் திரும்பி வந்து அப்பா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருமல் சத்தம் கேட்கிறது.

"அப்புறம்?"

"அதோட பக்கம் முடிஞ்சிடுதுங்க."

"நானும் அந்த நாவலுக்குள்ள போயிட்டு வந்தவன்தான். இப்படி ஒரு கதவு ஞாபகமே இல்லையே!" மயிலிறகு தவித்தது.

எல்லாரும் திரும்பி வந்தார்கள். டிக்கெட்டின் சொந்தக்காரி நாவலை எடுத்தாள். "எங்கப்பாவும் நானும் பேசிக்கிறதில்ல. இதுக்கு மேல படிக்கவே பயமா இருக்கு."

"நாங்கதான் இருக்கோமே, படிங்க," என்றார்கள் மற்றவர்கள்.

பக்கத்தைத் திருப்பி மனசுக்குள் படித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிக்கெட்டை அந்தப் புதுப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

உள்ளேயிருந்து டிக்கெட் கத்தியது: "மயிலிறகு! கதவைத் திறந்துட்டாருங்க!"