தூசி தட்டினால் போதும்

"மூணு எண்ணுவேன். ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிக்கணும். கள்ளாட்டம் கூடாது" என்றார் முதலாளி.

வீட்டு பிளான் வரைந்து தரும் அந்த அலுவலகத்தில் அன்று காலை யாரும் ஒரு கோடுகூடப் போடவில்லை. எல்லோரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்து இரண்டு கம்ப்யூட்டர்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றின் முன்னால் பெரியக்கா. இன்னொன்றின் முன்னால் சின்னவள்.

பெரியக்கா அங்கே எல்லோருக்கும் மூத்தவர். முதலாளியே அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார், அதுவும் கொஞ்சம் பயந்துகொண்டே. சின்னவள் பக்கத்து மேஜைக்காரி. அவளுடைய கம்ப்யூட்டரில் முந்தின நாள்தான் சர்வீஸ்காரர் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டிருந்தார். பெரியக்காவின் திரையிலோ அதே பழைய மலைப் படம், அதே பழைய பட்டன்கள்.

புதுசு ஜெயித்தால் ஆபீஸ் முழுக்கப் புதுசு. பெரியக்கா ஜெயித்தால் சின்னவளுடையதையும் பழையபடி மாற்றிவிட வேண்டும், அந்தப் பேச்சையே அப்புறம் யாரும் எடுக்கக் கூடாது. இதுதான் பந்தயம்.

பந்தயம் வரைக்கும் வந்ததற்குப் பெரியக்காவின் வாய்தான் காரணம். புதுசு சந்தைக்கு வந்து ஒன்றரை வருஷமாகியும், யாராவது அதைப் பற்றி மூச்சு விட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"எதுக்கு இப்படிப் பறக்கறீங்க? இருக்கிற பட்டனை எல்லாம் இடம் மாத்தி வெச்சுட்டு, அதுக்கு ஒரு புதுப் பேரு வெச்சிருக்கான். அவ்வளவுதானே? என்னோடதைப் பாருங்க. போன வருஷம் இதுவும் முக்கிக்கிட்டு முனகிக்கிட்டுத்தான் கிடந்துச்சு. சர்வீஸ் தம்பி எடுத்துட்டுப் போய், ஒரு நாள் வெச்சிருந்து, தூசி தட்டிக் கொடுத்தார். அன்னிலேர்ந்து குதிரை மாதிரி ஓடுது. தூசி தட்டினாப் போதும்!"

மற்றவர்களும் தட்டிப் பார்க்காமல் இல்லை. சின்னவள் துணி, பிரஷ் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டர் பளபளவென்று ஆனதே தவிர, வேகம் வரவில்லை. பிளானைத் திறந்துவிட்டு டீ குடித்து வந்தாலும் பாதிச் சுவர்தான் வந்திருக்கும். மீதிச் சுவரும் வந்து, வேலையை முடித்து, அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மகள் தூங்கிப் போயிருப்பாள். தினமும் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு!"

பிளானைத் திறந்து, மாடியில் ஒரு குளியலறையைச் சேர்த்து, பிரிண்ட் எடுக்க வேண்டும். இரண்டு திரையிலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பிளான் வந்து நின்றது. "அட!" என்று பின்னாலிருந்து யாரோ வாயைப் பிளந்தார்கள்.

சின்னவளின் விரல்கள் பறந்தன. சுவர் போட்டாள், குழாய் வைத்தாள், ஜன்னல் வைத்தாள். பெரியக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு டக் டக்கென்று தட்டிக்கொண்டே போனார். சர்வீஸ்காரர் மட்டும் இரண்டு திரையையும் பார்க்காமல் கதவோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிரிண்ட் கொடுக்கப் போன சின்னவள் திடுக்கிட்டு நின்றாள். பதற்றத்தில் குளியலறைக்குக் கதவு வைக்க மறந்திருந்தாள்.

"உள்ளே எப்படிம்மா போறது? ஜன்னல் வழியாவா?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கதவை வைத்து முடிப்பதற்குள் பெரியக்காவின் தாள் பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வந்துவிட்டது.

"பார்த்தீங்களா? வேகம் புதுசுல இல்ல, கையில இருக்கு!" பெரியக்கா தாளைக் கொடி மாதிரி ஆட்டிக் காட்டினார்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் பெரியக்காவுக்கே மனசு கேட்கவில்லை. கிட்டே போய் அவள் தோளில் கை வைத்தார்.

"அட, இதுக்குப் போயா? உன்னோடதையும் தூசி தட்டச் சொல்றேன். அப்புறம் பாரு, எனக்கு முன்னாடி நீ வீட்ல இருப்பே."

முதலாளிக்கும் பரம சந்தோஷம். புதுசு என்றால் வேலை இரண்டு நாள் நின்றுபோகுமே என்ற கவலை விட்டது. சர்வீஸ்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, புதுசு எல்லாம் வேண்டாம். போன வருஷம் பெரியக்காவோடதுக்கு என்ன பண்ணீங்களோ, அதையே எல்லாருக்கும் பண்ணிடுங்க. ஒண்ணுகூட விடக் கூடாது."

சர்வீஸ்காரர் முதலாளியையும் பெரியக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன முழிக்கிறீங்க? முடியாதா?"

"முடியும் சார்..."

"கூச்சப்படாம சொல்லுங்க தம்பி" என்று பெரியக்கா எடுத்துக் கொடுத்தார். "எதை வெச்சுத் தட்டினீங்க? பிரஷ்ஷா, காத்தடிக்கிற மிஷினா?"

சர்வீஸ்காரர் முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"பெரியக்கா, திட்டக் கூடாது. உங்களுக்கு எது மாறினாலும் பிடிக்காதேன்னு, வெளியே தெரியற படத்தையும் பட்டனையும் மட்டும் பழசு மாதிரியே வெச்சுக் கொடுத்தேன்."

பெரியக்காவின் கையில் ஆடிக்கொண்டிருந்த தாள் நின்றது.

"அப்ப உள்ளே?"

சர்வீஸ்காரர் சின்னவளைக் காட்டினார்.

"இவங்களுக்கு நேத்துப் போட்டேனே, அதேதான்."