கையால் செய்த ஃப்ரேம்

"மாமா, நேத்து மாதிரி இன்னிக்கும் 'உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிறைய எடம் இருக்கு'ன்னு சொல்லிடாதீங்க. அவங்க பஸ்ஸுல ஏற வரல. ரேஸ் சைக்கிள் எப்படிச் செய்யறோம்னு பார்க்க வர்றாங்க."

மாமனாரின் தோல் ஏப்ரனை இறுக்கி முடிச்சுப் போட்டபடியே சொன்னாள் மருமகள்.

"முப்பத்தோரு வருஷப் பழக்கம்மா. தானா வந்துடுது."

"வாயே திறக்க வேணாம். தாடியைத் தடவுங்க, உப்புத்தாளைத் தேயுங்க, அது போதும். மேனேஜர் கறாரா சொல்லிட்டார். இன்னொரு புகார் வந்தா உங்களை அனுப்பிடுவாராம். உங்களைச் சேர்த்துவிட்ட குத்தத்துக்கு என்னையும் சேர்த்து அனுப்பிடுவாராம்."

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்கு இந்த வேலை கிடைத்ததற்கு அந்த வெள்ளைத் தாடியைத் தவிர வேறு காரணம் கிடையாது. பெரிய பெரிய பந்தய வீரர்கள் ஓட்டும் சைக்கிள் கம்பெனி அது. 'ஒவ்வொரு ஃப்ரேமும் இங்கேயே, கையால்' என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். உண்மையில், கார்பன் இழைத் துணியை அச்சில் அடுக்கி அடுப்பில் வேகவைத்துச் செய்த ஃப்ரேம்கள் மாதம் இரண்டு முறை கன்டெய்னரில் வந்து இறங்கும். இங்கே பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டுவதோடு சரி. எழுதி வைத்த பாவத்துக்கு, பார்வையாளர்களுக்காக ஒரு கண்ணாடி அறை கட்டி, உள்ளே கைதேர்ந்த மாஸ்டர் ஒருவரை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த முகவெட்டு நம் கண்டக்டருக்குத்தான் இருந்தது. எட்டு மாதமாக ஒரே ஃப்ரேமைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ஆனாலும் அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். வீட்டில் இருந்தால் மகன் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வான். இங்கே தினமும் இருநூறு பேர் அவரைப் பார்த்து மலைத்துப்போகிறார்கள். பஸ்ஸில் அவரைப் பார்த்து யார் மலைத்தார்கள்? முறைத்தவர்கள்தான் அதிகம்.

பதினோரு மணிக்கு முதல் கூட்டம் வந்தது. "நம்ம மாஸ்டர் குடும்பத்துல இவர் மூணாவது தலைமுறை" என்று மருமகள் மைக்கில் கூசாமல் அளந்தாள். மாஸ்டர் தாடியைத் தடவினார். ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு, வெற்றிக் கோப்பைகளைப் பார்க்க அவள் பின்னால் அடுத்த அறைக்குப் போனார்கள்.

ஒரு பெண் மட்டும் நகரவில்லை. நாற்பது வயது இருக்கும். கையில் சின்ன நோட்டு. கண்ணாடியில் இருந்த சிறு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, இந்த வளைவுல கார்பன் துணி எத்தனை அடுக்கு வைக்கறீங்க?"

அவர் தாடியைத் தடவிப் பார்த்தார். கை வலிக்காதா என்று கேட்பார்கள், தாடிக்கு என்ன எண்ணெய் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"அது வந்து... பன்னெண்டு."

"பன்னெண்டுதானா? முப்பத்தாறுன்னுல்ல சொல்றாங்க."

"ரேஸுக்குன்னா முப்பத்தாறு. பழகறதுக்குன்னா பன்னெண்டு."

எழுதிக்கொண்டாள்.

"அடுப்புல எவ்வளவு நேரம் வைப்பீங்க?"

"பக்குவம் வர்ற வரைக்கும்."

"பக்குவம் வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"வாசனை வரும்மா."

அதையும் எழுதிக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. எத்தனை செக்கிங் இன்ஸ்பெக்டர்களைப் பார்த்தவர் அவர். நோட்டும் கையுமாக, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்பவர்களிடம் தப்பித்ததே இல்லை. தலைமை அலுவலகம் ஆள் அனுப்பிவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்.

"கடைசியா ஒண்ணு. வெந்ததுக்கு அப்புறம் அச்சுல இருந்து ஃப்ரேமை எப்படி உருவறீங்க? ஒட்டிக்காதா?"

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அம்மா, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் பஸ் கண்டக்டர். ஃப்ரேமெல்லாம் கன்டெய்னர்ல வருது. செய்யறது யாருன்னுகூட எனக்குத் தெரியாது. என்னை வேணும்னா இன்னிக்கே அனுப்பிடுங்க. மைக் பிடிச்சிட்டுப் போனாளே, அவ என் மருமக. அவ வேலையில மட்டும் கை வெச்சிடாதீங்க. அவளைப் பொய் சொல்லச் சொன்னதே நான்தான்."

இந்தக் கடைசி வரிதான் அன்று அவர் சொன்னதிலேயே பெரிய பொய். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று. பேனாவை மூடினாள்.

"அப்போ இங்கேயும் செய்யறதில்லையா?"

"இங்கேயும்னா?"

"நான் சோதனை போட வரலைங்க ஐயா. உங்களுக்குக் கன்டெய்னர் அனுப்பற ஃபேக்டரியிலதான் வேலை பார்க்கறேன். லீவு போட்டு, ரெண்டு ஃப்ளைட் மாறி வந்திருக்கேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை தப்பியது, மருமகளும் தப்பினாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடடா, அப்போ நிஜமாவே செய்யறவங்க நீங்கதானா? அதான் கேள்வியெல்லாம் அவ்வளவு நுணுக்கமா இருந்துச்சு."

"அதெல்லாம் என்னைப் பார்க்க வர்றவங்க கேக்கற கேள்விங்க. பதில் தெரியாம தினமும் முழிக்கறேன்" என்றாள் அவள். "எங்க ஃபேக்டரியில கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு தேய்க்கறது நான்தான். ஃப்ரேமெல்லாம் உங்க ஊர்ல இருந்து வருதுன்னு எங்க மேனேஜர் சொன்னாரே."