அஞ்சலையின் கோபம்

"அடையாளக் கார்டு எங்கே?"

"தொலைஞ்சு போச்சு சார்."

பஸ்ஸில் வந்தவன் சொன்னதைப் போலீஸ்காரர் நம்பவில்லை. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்ட்டுகளை வேட்டையாடிய அவசரகாலம் அது. ராசா டவுனுக்குப் போகிற பஸ்ஸை ரப்பர்த் தோட்டத்து முனையில் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். "கம்யூனிஸ்ட்டுக்குக் குடுத்துட்டியா? ஏறு லோரியில!"

தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் அஞ்சலை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏத்துங்க சார், இந்த மனுஷனை! மீன் பிடிக்கிறேன்னு போய் கார்டை ஆத்துல விட்டுட்டு வந்து ஒரு வாரமாச்சு. புதுசு எடுய்யான்னு தினமும் கத்துறேன், காதுல விழுந்தாத்தானே? நாலு நாள் உள்ள கெடக்கட்டும்!" அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு கோபத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. புருஷனைக் கூட்டிட்டுப் போம்மா. நாளைக்கே புதுக் கார்டு எடுக்கணும்."

இருவரையும் ஏற்றிக்கொண்ட பஸ் வளைவைத் தாண்டியதும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே!"

"எனக்கும்தான் உன்னைத் தெரியாது, தம்பி." அவள் சன்னல் வழியே ஒருமுறை பின்னால் பார்த்துக்கொண்டாள். "போன வருஷம் என் வீட்டுக்காரரை இப்படித்தான் நிறுத்துனாங்க. கைகட்டி, பணிவா உண்மையைச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. கொண்டுபோனாங்க, மனுஷன் இன்னும் வரல."

அவன் நகர்ந்து அவளுக்கு உட்கார இடம் விட்டான்.

"ரொம்ப வலிச்சுச்சா?" என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள் அஞ்சலை.